செவலையின் நெஞ்சுச் சத்தம்

பட்டறைமேட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஜெனோவா, ஒரு புதன்கிழமை காலை, பாவாயியின் செவலைப் பசுவின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். அந்தப் பசுவின் நெஞ்சு அடிக்கிற சத்தம் பட்டறைமேடு முழுவதும் கேட்டது. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்த பிறகும் கேட்டது. குளம்பில் சிக்கியிருந்த கல்லை எடுத்துவிட்ட பின் பசு வீட்டுக்கு நடந்துபோன வழியெல்லாம் கேட்டது. தண்ணீர் குடித்தபோது கேட்டது, அசைபோட்டுக்கொண்டு நின்றபோது கேட்டது, மறுநாள் விடிந்தபோதும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

பட்டறைமேட்டில் லாரிக்குப் பாடி கட்டுவதுதான் தொழில். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட பட்டறைகள், அவற்றில் எலும்புக்கூடு போல நிற்கிற லாரிகள், சுத்தியலும் வெல்டிங்கும் ஓயாத ஊர் என்பதால், முதல் நாள் முழுக்க ஒவ்வொரு பட்டறைக்காரரும் பக்கத்துப் பட்டறையில் ஏதோ புது மிஷின் இறக்கிவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தார். சாயங்காலம் எல்லா மிஷின்களும் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. காதை அடைக்கிற சத்தமில்லை அது. பக்கத்து அறையில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவது போல, லப்-டப், லப்-டப் என்று, பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் சினிமாக் கொட்டகை இருட்டிலும் ஒரே அளவாகக் கேட்டது, காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது, ஊர் எல்லையில் இருக்கிற பெயர்ப்பலகையைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் மட்டும் கேட்கவில்லை.

அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவள் பாவாயிதான். அவள் புருஷன் நாக்பூருக்கும் ஊருக்கும் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாட்கள் குறைவு. அவளுக்குப் பேச்சுத்துணை செவலைதான். தெருநாய் ஒன்று செவலையை விரட்டிய நேரம் பார்த்து சத்தம் தறிகெட்டு ஓடியதையும், நாயை அவள் கல்லெறிந்து விரட்டியதும் சத்தம் மெல்ல அடங்கியதையும் கவனித்துவிட்டு, டீக்கடைக்குப் போய்ச் சொன்னாள்.

"அது எங்க செவலைங்க. அவ நெஞ்சு அடிக்கறதுங்க."

டீக்கடையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சத்தத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. தகரம் தட்டுகிறவர்கள் 'லப்'புக்கு ஓங்கி 'டப்'புக்கு அடித்தார்கள், கை வலி குறைந்துவிட்டது என்றார்கள். கல்யாண மண்டபத்தில் தவில்காரர் முதல் முகூர்த்தத்தில் தடுமாறி, இரண்டாவது முகூர்த்தத்தில் அதற்கு இணங்கி வாசித்து, மூன்றாவது முகூர்த்தத்துக்கு வெளியூரில் வாசிக்க மனமில்லாமல் இங்கேயே வீடு பார்த்துக்கொண்டார். தொட்டில் குழந்தைகள் ஆட்டாமலே தூங்கின. புருஷன் பெண்டாட்டி சண்டைகளில், ஒரு 'டப்'புக்கும் அடுத்த 'லப்'புக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கிடைத்ததால், சொல்லக்கூடாத சொல் வாய்க்குள்ளேயே நின்றது. காது கேட்காத பெயின்டர் காளிமுத்து மட்டும் தனக்கு உள்ளங்காலில் தெரிகிறது என்று கைச்சாடையில் சொன்னான், செருப்பில்லாமல் திரியத் தொடங்கினான். செவலை மிரண்டால் ஊருக்கே படபடப்பு வந்தது என்பதால், அவள் இருந்த தெருவில் பட்டாசு நின்றது, பாட்டுப்பெட்டி நின்றது, தெருநாய்களுக்கு முறை வைத்துச் சோறு போட்டு வேறு தெருவில் பழக்கினார்கள். சென்னையிலிருந்து பெரிய படிப்புப் படித்தவர்கள் கருவிகளோடு வந்தார்கள். கருவிகளில் ஒன்றும் பதியவில்லை, அவர்கள் காதில் மட்டும் கேட்டது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, செவலைக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

செவலைக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரிந்ததாக யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குத் தின்றாள், பால் கறந்தாள், ஈ ஓட்டினாள்.

சத்தத்தால் மிகவும் பலனடைந்தவர் பாடி கட்டுவோர் சங்கத்தின் தலைவர் சென்னியப்பன். ஊரிலேயே பெரிய பட்டறை அவருடையது. நெஞ்சடைப்பு வந்து கோயம்புத்தூரில் இரண்டு ஸ்டென்ட் வைத்துத் திரும்பியிருந்தவர், அதன்பின் படுக்கையில் கண்ணை மூடினால் தன் நெஞ்சு அடுத்த அடி அடிக்குமா என்று எண்ணிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். செவலையின் சத்தம் வந்த நாளிலிருந்து அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். தன் நெஞ்சு அவளுடையதோடு சேர்ந்துகொண்டுவிட்டது, இரட்டை மாடு பூட்டின வண்டி மாதிரி இனிமேல் அவள் இழுக்க நான் போனால் போதும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பாவாயி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் புதுத் தகரம் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ஜெனோவாவுக்கு இது எதிலும் சந்தோஷமில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி அவள். அப்பா மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள், பள்ளிக்கூடம் முடிகிறவரை அவள் மாட்டைத் தொட்டதில்லை. டாக்டருக்குப் படிக்க மதிப்பெண் போதாமல் இங்கே வந்து சேர்ந்தவள். பரீட்சை எல்லாம் நன்றாக எழுதுவாள், ஆனால் மாட்டின் பக்கத்தில் போனால் கால் நடுங்கும். நாலு வருஷமாகச் செய்முறை வகுப்பில் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே ஒப்பேற்றிக்கொண்டு வந்தவளை அந்தப் புதன்கிழமை அறுவை சிகிச்சைப் பேராசிரியை அங்கயற்கண்ணிதான் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இன்னைக்கு நீ பாரு" என்று நிறுத்தினார். அவள் நடுங்கிக்கொண்டே வைத்த ஸ்டெதாஸ்கோப்பினால் ஊருக்கு ஒரு சத்தம் வந்தது. அன்று முதல் கடைவீதியில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்தது: சத்தத்தைத் தொறந்துவிட்ட புள்ளை. பூ விற்கிறவள் காசு வாங்க மறுத்தாள். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இத்தனை பிரியமாக இருக்கிறவர்கள் என்றைக்காவது கோபித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்து அவள் கடைவீதிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு காலையில் சத்தம் மாறியது.

முதலில் 'டப்'பின் வால் நீண்டது. பிறகு அந்த வாலில் ஒரு ஈரம் சேர்ந்தது. அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோ ஓடுகிறமாதிரி, தளக், தளக் என்று. தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார்கள். மண்டபத்தில் தவில்காரர் தாலி கட்டுகிற நேரத்தில் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். தெருவில் போனவர்கள் போன இடத்தில் நின்று, தங்களையறியாமல் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் உப்புமாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜெனோவா அந்தச் சத்தத்தை முன்பே கேட்டிருந்தாள். சின்ன வயதில் அப்பாவின் படகில் பலகைமேல் காதை வைத்துப் படுத்திருந்தபோது, அடியில் தண்ணீர் வந்து மோதுகிற சத்தம் இதுதான். பலகைக்கும் கடலுக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை என்று தெரிகிற சத்தம். நெஞ்சுக்கும் அதன் உறைக்கும் நடுவில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறது என்று புத்தகம் சொன்னதும் இதைத்தான். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், கல்லூரியிலிருந்து பாவாயி வீடுவரைக்கும் வேகவேகமாக நடந்தாள்.

செவலை முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால் முட்டிகளை விலாவை விட்டு அகட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தீவனத்தைத் தொடவில்லை. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"நேத்திலிருந்து இப்படித்தான் நிக்கறா கண்ணு," என்றாள் பாவாயி. "முனகிக்கிட்டே இருக்கறா."

ஜெனோவா பசுவின் பக்கவாட்டில் போய் நின்று, இரண்டு கையாலும் முதுகுத்தோலைத் திமிலுக்குக் கீழே கொத்தாகப் பிடித்து அழுத்தினாள். நோயில்லாத மாடாக இருந்தால் முதுகைக் கீழே தாழ்த்தும். செவலை தாழ்த்தாமல், அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் விட்டாள், ஊர் முழுக்கச் சத்தம் எகிறியது, மூன்று தெரு தள்ளி யாரோ, "எவன்டா மாட்டைத் தொட்டது?" என்று கத்தினார்கள்.

"அக்கா, இவ கம்பி எதையோ முழுங்கியிருக்கா," என்றாள் ஜெனோவா. தனக்குக் கால் நடுங்கவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

மத்தியானம் அங்கயற்கண்ணி கையில் தூக்கி வரக்கூடிய எக்ஸ்ரே கருவியோடு வந்து படம் எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் கம்பி. தீவனத்தோடு உள்ளே போய், மாட்டுக்கு உள்ள நாலு வயிறுகளில் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிற இரண்டாவது வயிற்றில் தங்கி, மாடு நடக்க நடக்க, மூச்சு விட விட முன்னால் நகர்ந்து, வயிற்றுச் சுவரைக் குத்தி, நடுவிலிருக்கிற தசைத்திரையையும் தாண்டி, நெஞ்சின் உறையில் முனையை வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கம்பி எந்தப் பட்டறைத் தரையிலிருந்து போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லாப் பட்டறைகளையும் கூட்டிப் பெருக்கினார்கள்.

"வயித்தைத் திறந்து கையை விட்டுக் கம்பியைப் பின்பக்கமா உருவணும்," என்று அங்கயற்கண்ணி பாவாயியிடம் சொன்னார். அவர் மதுரைக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "இன்னும் உறைக்குள்ள முழுசாப் போகல. போயிட்டா ஒண்ணும் செய்ய முடியாது. எடுக்கும்போதே நெஞ்சு நின்னு போனாலும் போகும். நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வாசலில் நின்ற கூட்டம் இதைக் கேட்டது. கேட்டது கடைவீதிக்குப் போய்ச் சேர்வதற்குள், செவலையின் நெஞ்சு நின்றால் கூடவே ஊரில் எல்லோர் நெஞ்சும் நின்றுவிடும் என்று ஆகிவிட்டது. இத்தனை மாதமாக அதோடு சேர்ந்தே அடித்துப் பழகிவிட்டதே, தனியாக அடிக்க அவற்றுக்கு மறந்திருக்காதா என்று கேட்டார்கள். நெஞ்சுவலிக்காரர்களைச் சிலர் வண்டி வைத்து ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிற சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். கல்லூரிக்குப் போகும் சாலையில் பாதி கட்டிய லாரி ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, மாட்டை அங்கே கொண்டுபோக முடியாமல் செய்தார்கள். கல்லூரி முதல்வர் போனில் அங்கயற்கண்ணியைக் கூப்பிட்டு, ஊரோடு பகை வேண்டாம், நம் கல்லூரி இதில் தலையிடாது என்றார்.

"கல்லூரி தலையிட வேண்டாம் சார். நான் லீவு போட்டுக்கறேன்," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

மறுநாள் காலையில் சத்தம் இன்னும் கலங்கியிருந்தது. கொட்டகையிலேயே செய்துவிடுவதென்று முடிவாயிற்று. அங்கயற்கண்ணி கருவிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டே, ஜெனோவாவைப் பார்க்காமல், "உள்ள கையை விடப்போறது நீதான்," என்றார்.

"மேடம், நான் பாத்திருக்கேன், செஞ்சதில்ல."

"தெரியும். எருமை மோதினதுலேருந்து என் வலது கையை நெஞ்சுக்கு மேல தூக்க முடியாது. கூட வேலை பாக்கற குமரவேல் சாரைக் கேட்டேன், அவர் மாமனார் இந்த ஊரு, முடியாதுன்னுட்டார். மத்தவங்க போனே எடுக்கல. உன் கை நீளம். வேற வழி எனக்குத் தெரியல ஜெனோவா. நீ மாட்டேன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன், மூட்டை கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போயிடலாம்."

ஜெனோவா பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. சென்னியப்பன் வந்திருந்தார், பின்னால் சங்கத்து ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் தெரு முழுக்கத் தலைகள். அவர் முகம் இரவெல்லாம் தூங்காத முகம்.

"அம்மிணி, கத்தி வைக்க வேண்டாமுங்க," என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார். "மருந்து கொடுங்க, ஊசி போடுங்க, எத்தனை செலவானாலும் நான் பாத்துக்கறேன்."

"மருந்துல கம்பி கரையாது அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா.

"நின்னுருச்சுன்னா?"

"சும்மா விட்டாலும் நிக்கும். ரெண்டு நாளோ மூணு நாளோ."

"அந்த ரெண்டு நாளாச்சும் இருக்கட்டுமே!" அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு என்னங்க, நீங்க வெளியூரு. படிச்சு முடிச்சுப் போயிருவீங்க. எனக்கு இது நின்னா என்னுது நிக்குமுங்க. எனக்குத் தெரியும். நான் சாகறதுக்குப் பயப்படறனுங்க, போதுமா?"

அவர் அதைத் தன் ஆட்கள் முன்னால் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஜெனோவாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தான் இந்த மாட்டைத் தொட்டு அது செத்துப்போனால் இந்தத் தெருவைத் தாண்ட முடியாது என்பதும் அதே நேரத்தில் நன்றாகத் தெரிந்தது.

தீவனத்தொட்டி ஓரத்தில் நின்ற பாவாயி முன்னால் வந்தாள்.

"ஏனுங்ண்ணா, மாடு யாருதுங்க?"

"உன்னுதுதான் பாவாயி. யாரு இல்லைன்னா?"

"இத்தனை நாளா ஊரே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் வேண்டாம்னு சொன்னனுங்களா? இன்னைக்கு அவளுக்கு வலிக்குது. உங்களுக்குச் சத்தந்தானுங்க கேட்குது. வலி கேட்குதுங்களா?"

சென்னியப்பன் வாசற்படிக்கு நேராகத் தெருமண்ணிலேயே உட்கார்ந்தார், முழங்காலைக் கட்டிக்கொண்டார். பாவாயி அவர் அடித்துக் கொடுத்த தகரக் கதவை அவர் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு ஜெனோவாவிடம் திரும்பி, "செய்யி கண்ணு," என்றாள்.

செவலையை நின்ற நிலையிலேயே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டினார்கள். அங்கயற்கண்ணி இடுப்பெலும்பு ஓரமாக மரத்துப்போகிற ஊசிகளைப் போட்டார். இடது விலாவுக்குப் பின்னால் முடியை மழித்து, மருந்து தடவி, ஜெனோவா கத்தியை வைத்தாள். தோல் திறந்தது, அடியில் தசை திறந்தது, அதற்கும் அடியில் வெளுத்த பெரிய முதல் வயிறு அசைந்துகொண்டு தெரிந்தது. அதன் ஓரத்தை வெளியே இழுத்துத் தோலோடு தைத்து, வயிற்றைக் கீறினாள். புளித்த தீவனத்தின் வெக்கை முகத்தில் அடித்தது. பாவாயி பிடித்த வாளியில் அரைபட்ட வைக்கோலைக் கை கையாக அள்ளிப் போட்டாள். தோள்வரை உறை மாட்டிய வலது கையை உள்ளே விட்டாள்.

சத்தம் தளக், தளக் என்று கொட்டகைத் தகரத்தை அதிரச் செய்துகொண்டிருந்தது.

"கீழ போ. முன்னால போ. கட்டம் கட்டமாத் தெரியுதா?" என்று அங்கயற்கண்ணி கேட்டார்.

"தெரியுது."

"அடியில துழாவு."

ஜெனோவாவின் கன்னம் செவலையின் விலாவில் ஒட்டியிருந்தது. கை தோள்வரைக்கும் உள்ளே போயிருந்தது. விரல்நுனியில் வயிற்றின் கட்டங்கள், நாலைந்து ஆணிகள், ஒரு நட்டு, பிறகு எதுவோ சுருக்கென்றது. கம்பி. அதன் பின்முனை மட்டும் வயிற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, மீதி சுவருக்குள் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், செவலையின் நெஞ்சு வந்து வந்து மோதியது. ஊர் முழுக்கக் கேட்கிற ஒவ்வொரு அடியும் முதலில் அவள் நடுவிரலில் விழுந்து, அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

"புடிச்சுட்டேன். நெஞ்சு அடிக்கும்போது கம்பியும் ஆடுது மேடம்."

"அது பின்வாங்கும்போது இழு. கொஞ்சங் கொஞ்சமா. வளைக்காத."

ஜெனோவா இழுத்தாள். சத்தம் ஓர் அடி தவறியது. வெளியே நூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்தது தகரத்தின் வழியாகக் கேட்டது. அவள் நிறுத்தினாள், சத்தம் தள்ளாடித் தள்ளாடித் திரும்பி வந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி தவறியது, இந்த முறை இரண்டு அடி. யாரோ ஒரு பெண் தெருவில் அலறினாள். "நிறுத்துங்கடா! நிறுத்துங்க!" என்று கதவில் ஒரு கை விழுந்தது, பிறகு பல கைகள். பாவாயி வாளியை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க வழியில்லை. விட்டுவிடலாம், கையை எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்தால் அந்தக் கம்பி தன் விரல் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு முன்னால் போய்க்கொண்டே இருக்கும் என்பதும் தெரிந்தது. நெஞ்சு பின்வாங்குகிற அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, அவள் ஒரே சீராக இழுத்தாள்.

கம்பி வந்துவிட்டது.

அந்த நொடியில் சத்தம் நின்றது.

பட்டறைமேட்டில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்பு இருந்ததில்லை. கதவைத் தட்டியவர்கள் கை ஓங்கியபடி நின்றார்கள். அங்கயற்கண்ணி, "போயிடுச்சா?" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ஜெனோவாவின் நடுவிரல் இன்னும் அந்தச் சுவரில்தான் இருந்தது. அங்கே ஒன்று வந்து மோதியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று, தெளிவாக, நிதானமாக, எந்தச் சத்தமுமில்லாமல்.

"இல்ல மேடம். அடிக்குது. விரல்ல அடிக்குது."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்கும் கேக்கல. ஆனா அடிக்குது."

அதற்குப் பிறகு கதவு நொறுங்குவது போல இடிபடத் தொடங்கியது. மாட்டைக் கொன்னுட்டாங்க என்று கத்தினார்கள். இரும்புக் கம்பியால் தகரத்தை நெம்பினார்கள். திறந்த வயிற்றை அப்படியே விட முடியாது; ஜெனோவா கையைக் கழுவி, வேறு உறை மாட்டி, வயிற்றைத் தைத்தாள், மேலே ஒரு முறை தைத்தாள், தசையைத் தைத்தாள். ஒவ்வொரு இடிக்கும் ஊசி துள்ளியது. அங்கயற்கண்ணி நூலை வெட்டிக்கொண்டே, "அவசரப்படாத, அவசரப்படாத," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். தோலின் கடைசித் தையலைப் போட்டு, செவலையின் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, ஜெனோவா, "கதவைத் திறங்கக்கா," என்றாள்.

உள்ளே பாய்ந்தவர்கள் இரண்டெட்டில் நின்றுவிட்டார்கள். செவலை நின்றுகொண்டிருந்தாள். காதை ஆட்டினாள், வந்தவர்களைப் பார்த்தாள். ஆனாலும் அவர்கள் முகத்தில் நிம்மதி வரவில்லை. இத்தனை மாதத்தில் அவர்களுக்குச் செவலை என்றால் சத்தம். சத்தமில்லாமல் கண் சிமிட்டுகிற அந்த மாடு களிமண் பொம்மை உயிர் வந்து நிற்பது போல அவர்களை மிரட்டியது. "இது செவலையே இல்லீங்க. மாட்டை மாத்திட்டாங்க," என்றார் ஒருவர். சிலர் ஆமாம் என்றார்கள்.

"மாத்தறதுக்கு இந்தக் கொட்டகைக்கு வேற வாசல் எங்க இருக்குது?" என்று பாவாயி சீறினாள்.

அப்போதுதான் தெருவில், "தலைவர் விழுந்துட்டாரு" என்று குரல் கேட்டது.

சென்னியப்பன் உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்து, கண் மேலே நிலைகுத்தி, நெஞ்சுச் சட்டையைப் பிடித்திருந்தார். ஜெனோவா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இருந்தது, திசை தெரியாத குருவி மாதிரி அடித்துக்கொண்டு இருந்தது. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!" என்று கத்தினாள். "அண்ணாச்சி, மூச்சு விடுங்க. நீங்க மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கீங்க. விடுங்க."

"நின்னுருச்சு," என்றார் அவர். "நின்னுருச்சுல்ல?"

"நிக்கல."

"பொய் சொல்றீங்க அம்மிணி."

அவள் நாலு பேரைக் கூப்பிட்டாள். அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். அவள் அவர் வலது உள்ளங்கையை எடுத்து, செவலையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால், தோல் வெதுவெதுப்பாக இருக்கிற இடத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. அவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் கண்கள் மெல்லக் கீழே இறங்கி, தன் கையின்மீது வந்து நின்றன. வாய் திறந்துகொண்டது. அடக்கி வைத்திருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"அடிக்குது," என்றார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. "அடிக்குதுங்கடா. என்னுதை விட மெதுவா அடிக்குது."

"உங்களுது தனியாத்தான் அடிக்குது, பாருங்க," என்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்த ஜெனோவா சொன்னாள். "ரெண்டும் சேரல. ஆனாலும் ரெண்டும் அடிக்குது."

"சத்தம் திரும்ப வருங்களா?"

"தெரியாது அண்ணாச்சி."

சத்தம் திரும்ப வரவில்லை. அது பின்னால் தெரிந்த விஷயம். தகரம் தட்டுகிறவர்கள் அவரவர் இஷ்டத்துக்குத் தட்டினார்கள், கை வலிக்கிறது என்றார்கள். தவில்காரர் வீட்டைக் காலி செய்தார். சண்டைகளில் நின்றிருந்த சொற்கள் எல்லாம் வெளியே வந்தன. ஊரில் இருந்த நல்லதை இவள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று ஜெனோவாவோடு பேசாமல் இருந்தவர்கள் கடைசிவரை பேசவில்லை. அவளும் அவர்களிடம் விளக்கம் சொல்லப் போகவில்லை. அவர்கள் வீட்டு ஆடுமாட்டுக்கு முடியாதபோது மட்டும் போனாள்.

ஆனால் அன்று, கூட்டம் இன்னும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோதே, செவலை முன்னங்கால் முட்டி இரண்டையும் மடித்தாள். எல்லோரும் பதறிப் பின்வாங்கினார்கள். பின்பக்கம் மெல்ல இறங்கி, தையல் போட்ட விலா மேலே இருக்கும்படி அவள் தரையில் படுத்தாள், பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பாவாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்கக்கா," என்றாள் ஜெனோவா, அவளும் அழுதுகொண்டே. "கம்பி குத்தியிருந்தா மாடு படுக்காது. வலிக்கும். இப்ப வலிக்கல, அதான் படுத்திருக்கா."

கையை எடுக்காமலே சென்னியப்பனும் பசுவோடு தரையில் இறங்கிவிட்டிருந்தார். கன்னத்தைச் செவலையின் முதுகில் சாய்த்திருந்தார். அவர் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தெருமுனையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்த ஓட்டுநரிடம் அவர் கண்ணைத் திறக்காமல், "கொஞ்சம் பொறுங்க தம்பி, வந்தர்றேன்," என்றார்.

கூட வந்த நர்ஸ் குனிந்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார். ஓட்டுநர் திரும்பிப் போய் என்ஜினை அணைத்தார்.